கஜா திறந்துவிட்ட அலமாரி

நூலகப் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்த ஆசிரியர் சாவிக்கொத்தோடு ஒரு புத்திமதியும் கொடுத்தார். “எதையும் வெளியே விடாதீர்கள் டீச்சர். தொலைந்தால் நம் சம்பளத்தில்தான் பிடிப்பார்கள்.” அது 2013. மன்னார்குடிக்குத் தெற்கே ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி, நான் தமிழாசிரியை. ஆய்வகத்துக்குப் பக்கத்தில் ஓடு வேய்ந்த சின்ன அறை, அதற்குள் கண்ணாடிக் கதவு போட்ட மூன்று மர அலமாரிகள். இருப்புப் பதிவேட்டின்படி ஆயிரத்துச் சொச்சம் புத்தகங்கள். வழங்கல் பதிவேட்டைப் புரட்டினேன். கடைசியாக ஒரு மாணவர் பெயர் எழுதப்பட்டு இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானும் ஐந்து வருடம் அதையேதான் செய்தேன். ஆண்டுக்கு ஒரு முறை திறப்பேன், பாச்சை உருண்டை போடுவேன், எண்ணுவேன், கையெழுத்துப் போட்டுப் பூட்டுவேன். ஒரு புத்தகம்கூடத் தொலையவில்லை. மதிய இடைவேளையில் ஆசிரியர் அறையில் பேச்சு எழும்: “இந்தக் காலத்துப் பிள்ளைகள் எங்கே புத்தகத்தைத் தொடுகிறார்கள்? கையில் செல்போன் வந்ததோடு எல்லாம் போயிற்று.” அதை மற்றவர்களைவிட நான்தான் அதிகம் சொல்லியிருப்பேன். சாவி என் கைப்பையில் கிடந்தது.

2018 நவம்பர் 16, விடியற்காலை. கஜா புயல் கரையேறியது வேதாரண்யம் பக்கம் என்றாலும் எங்கள் ஊரில் நின்ற தென்னைகள் எண்ணக்கூடிய அளவுக்குக் குறைந்துவிட்டன. பாதையெல்லாம் மரம். நான்கு நாள் கழித்துத்தான் நான் பள்ளிக்கு, அதுவும் நடந்தே, போய்ச் சேர முடிந்தது. அதற்குள் வகுப்பறைகளில் வீடிழந்த குடும்பங்கள் தங்கியிருந்தன. என் மாணவர்கள் பலர் சொந்த வகுப்பறையிலேயே பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். புத்தக அறையின் கூரையில் பாதி ஓடுகளைக் காணோம். மழை நேரே அலமாரிகளின் மேல் இறங்கியிருந்தது.

மரம் ஊறிப் பருத்துக் கதவு திறக்கவில்லை. என் சாவிக்கு வேலையே இல்லை. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் மரம் வெட்ட வைத்திருந்த கடப்பாரையைக் கொண்டுவந்து நெம்பினான். பூட்டு, கொண்டியோடு கையில் வந்தது.

மேல் தட்டுப் புத்தகங்கள் ஊறிய இட்டிலி அரிசி மாதிரி பொதபொதவென்று இருந்தன. எல்லாவற்றையும் வெயிலில் பரப்பச் சொன்னேன். முகாமில் தங்கியிருந்த ஒரு பெரியவர் ஓடி வந்து தடுத்தார். ஒரு காலத்தில் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்தவராம். “வெயிலில் போட்டால் தாள் முறுகி அட்டை நெளிந்துவிடும் தாயி. நிழலில் காற்றாட விடுங்கள்.” மெலிந்த புத்தகங்களைத் தாழ்வாரத்தில் கொடிக்கயிறு கட்டி அதன்மேல் கவிழ்த்தோம். தடித்தவற்றை விசிறிபோல் விரித்து நிறுத்தினோம். இருபது பக்கத்துக்கு ஒரு காகிதம் செருகி ஈரத்தை இழுக்க வேண்டும் என்றார் அவர். நாளிதழே பல நாளாக வரவில்லை, காகிதத்துக்கு எங்கே போவது? பழைய காலாண்டுத் தேர்வு விடைத்தாள் கட்டுகள் நனையாமல் ஓர் அறையில் இருந்தன. அவற்றைப் பிரித்துச் செருகினோம். என் அனுபவத்தில் விடைத்தாள்கள் அவ்வளவு பயன்பட்டது அந்த ஒரு முறைதான். வழவழப்புத் தாளில் அச்சான வண்ணப் படப் புத்தகங்களை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல்லாகிவிட்டன.

அரை மணிக்கு ஒருமுறை பக்கத்தைத் திருப்பி வைக்க வேண்டும். முகாமில் சும்மா இருந்த பிள்ளைகளுக்கு ஆளுக்குப் பத்துப் புத்தகம் என்று பிரித்துவிட்டேன். முதல் நாள் ஒரே கூச்சல். இரண்டாம் நாள் பிற்பகல் தாழ்வாரத்தில் சத்தம் குறைந்திருந்தது. விளையாடப் போய்விட்டார்கள் என்று எண்ணிக் கோபத்தோடு வந்து பார்த்தேன். கடப்பாரை கொண்டுவந்த அதே பையன் தூணில் சாய்ந்து, மடியில் ஓர் ஈரப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, அடுத்த பக்கத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தான். என் வகுப்பில் தவறாமல் தூங்குகிறவன். திட்டுவதற்கு வாயெடுத்த பிறகுதான் தெரிந்தது, அவன் படித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இரண்டு ஆள் தள்ளி இன்னொருத்தி. அவளுக்குப் பக்கத்தில் இரண்டு பேர் ஒரே புத்தகத்தில் தலையை நுழைத்திருந்தார்கள், வேகமாகப் படிப்பவள் மற்றவளுக்காகக் காத்திருந்தாள்.

இருட்டத் தொடங்கியதும் அந்தப் பையன் வந்து கேட்டான்: “அம்மா, இதை நான் கொண்டுபோகட்டுமா?” ஐந்து வருடப் பழக்கம் என் வாயில் உடனே வந்து நின்றது. “ஈரமாக இருக்கிறதே” என்றேன். “நான் காய வைத்துத் தருகிறேன்” என்றான்.

எழுதிக் கொடுக்கலாம் என்றால் வழங்கல் பதிவேடே நனைந்து கிடந்தது. எடுத்துக்கொண்டு போ என்றேன். அன்று இரவுக்குள் முப்பது, நாற்பது புத்தகங்கள் அறைகளுக்குள் போய்விட்டன. “காய வைத்துத் தருகிறேன் அம்மா” என்பது அடுத்த சில மாதங்களுக்கு எங்கள் பள்ளியில் புத்தகம் கேட்கும் வாசகமாகிவிட்டது, புத்தகங்கள் நன்றாகக் காய்ந்த பிறகும்.

இதைச் சொன்னால் எல்லாரும் உடனே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: கரண்ட் இல்லை, டவர் இல்லை, அதனால் படித்தார்கள், ஆகவே செல்போனைப் பிடுங்கினால் போதும். பாதி உண்மைதான். மின்சாரம் திரும்பிய வாரத்தில் அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் காணாமல் போனார்கள். ஆனால் போனைப் பிடுங்கிய வீடுகளையும் எனக்குத் தெரியும். அங்கே பிள்ளைகள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மிச்சம் நின்ற பாதிப் பேர் ஏன் நின்றார்கள் என்பதுதான் எனக்குப் பயன்பட்ட கேள்வி. யோசித்துப் பார்த்தால், அந்தத் தாழ்வாரத்தில் அவர்களுக்கு யாரும் புத்தகம் தேர்ந்தெடுத்துக் கொடுக்கவில்லை. படித்து முடித்ததும் யாரும் எதுவும் கேட்கவில்லை. அலமாரிக்குள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவை அங்கே முகத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தன. எடுத்துப் போகலாமா என்று கேட்டால் போகலாம் என்று பதில் வந்தது. அவ்வளவுதான்.

இது புரிய எனக்கு ஒரு வருடம் பிடித்தது. நடுவில் ஒரு பெரிய முட்டாள்தனமும் செய்தேன்.

2019 ஜனவரியில் உற்சாகம் தலைக்கேறி ஒரு போட்டி அறிவித்தேன். படிக்கும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு பக்கக் கதைச் சுருக்கம் எழுதித் தர வேண்டும், அதிகம் படித்தவருக்கு ஆண்டு விழாவில் பரிசு. சுருக்கங்கள் வந்து குவிந்தன. மூன்று பேர் எழுதியவை எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தன. புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தேன், பின்னட்டை வாசகம். ஒருவன் கடைசி வரியாக “விலை ரூ. 60” என்பதையும் சேர்த்து எழுதியிருந்தான். அதைவிட வருத்தமான ஒன்றும் நடந்தது. தாழ்வாரத்தில் தோழிக்காகக் காத்திருந்து பக்கம் திருப்பியவள் புத்தகம் எடுக்க வருவதை நிறுத்திவிட்டாள். கேட்டேன். “எழுதச் சொல்வீர்களே அம்மா” என்றாள். இன்னும் சிலர் 32 பக்கத்துக்கு மேற்பட்ட எதையும் தொடவில்லை. எண்ணிக்கைக்கு அதுதானே தோது.

போட்டியை இரண்டே மாதத்தில் கைவிட்டேன். அதற்குப் பிறகு படித்த புத்தகத்தைப் பற்றி நானாக ஒரு கேள்வியும் கேட்பதில்லை என்று ஒரு கட்டுப்பாடு. கேட்காமல் இருப்பது ஓர் ஆசிரியைக்கு எவ்வளவு கஷ்டம் என்று ஆசிரியைகளுக்குத்தான் தெரியும். ஆனால் கேட்காமல் இருந்தால் அவர்களாக வந்து சொல்கிறார்கள். அதுவும் எப்படி? “அம்மா, அந்தப் பெரியப்பா இருக்கிறாரே, அவர் செய்தது சரியா?” என்று நடுவிலிருந்து தொடங்குவார்கள். எனக்கு எந்தப் பெரியப்பா என்று புரியாது. எனக்காகவே அந்தப் புத்தகத்தைப் படிக்க வேண்டியிருக்கும்.

அலமாரிக் கதவுகளை மாட்டவேயில்லை. தச்சரிடம் சொல்லி, இரண்டு அலமாரிகளின் தட்டுகளைச் சாய்வாக அடித்து, அட்டை தெரியும்படி புத்தகங்களை வைத்தோம். இடம் அதிகம் பிடிக்கும், அறுபது, எழுபதுக்கு மேல் ஒரே நேரத்தில் வைக்க முடியாது. மற்றவை பெட்டியில் இருக்கும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுவோம். ஆயிரம் புத்தகம் இருக்கும் அலமாரியின் முன் நின்று ஒன்றும் எடுக்காமல் போகிற பிள்ளை, அறுபதின் முன் நின்றால் ஒன்றை எடுக்கிறது. வேறெதைச் செய்ய முடியாவிட்டாலும் இதை மட்டும் செய்து பாருங்கள் என்று மற்றப் பள்ளி ஆசிரியர்களிடம் சொல்வேன். செலவு கொஞ்சம் பலகையும் ஆணியும்.

அடுத்து உரக்கப் படித்துக் காட்டுவது. சின்னப் பிள்ளைகளுக்குத்தானே கதை சொல்வார்கள் என்று நினைப்போம். பதினான்கு, பதினைந்து வயதுப் பையன்கள் முதலில் கேலியாகச் சிரித்தார்கள். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் கடைசிப் பத்து நிமிடம், பாடம் சம்பந்தமே இல்லாத ஒரு கதை. பேய்க்கதையில்தான் தொடங்கினேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். கதவு கிறீச்சிடும் இடத்தில் மணி அடிக்கும்படி முந்தின நாளே வீட்டில் கடிகாரம் வைத்துப் படித்துப் பார்த்துக்கொண்டு வருவேன். மணி அடித்ததும் புத்தகத்தை மேசை மேலேயே விட்டுவிட்டு ஆசிரியர் அறைக்குப் போய்விடுவேன். ஒரே பிரதிதான் இருக்கும். திங்கட்கிழமைக்குள் அதற்கு ஒரு வரிசை உருவாகியிருக்கும். யாருக்குப் பின் யார் என்று அவர்களே ஒரு காகிதத்தில் எழுதி அட்டைக்குள் செருகி வைத்திருப்பார்கள். அந்தக் காகிதங்கள்தான் எங்கள் உண்மையான வழங்கல் பதிவேடு.

உரக்கப் படிப்பதில் நான் எதிர்பாராத இன்னொரு பலன் இருந்தது. வகுப்பில் சிலர் புத்தகமே எடுக்கமாட்டார்கள், கேட்டால் “போர் அம்மா” என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருந்தது சலிப்பு என்றே நான் நெடுநாள் நம்பியிருந்தேன். கொரோனாவுக்குப் பிறகு 2021 செப்டம்பரில் ஒன்பதாம் வகுப்பு திறந்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஒன்றரை வருடம் பள்ளி இல்லை. அவர்களில் சிலருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வந்தது. “ப... ள்... ளி” என்று வந்து, சொல் முடிவதற்குள் வாக்கியத்தின் தொடக்கம் மறந்துபோகும். அப்படிப் படிப்பவனுக்குக் கதை எங்கிருந்து ருசிக்கும்? அவனிடம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கான யானைக் கதையைக் கொடுத்தால் அவமானம். கொடுத்துப் பார்த்தேன், அடுத்த நாள் அவன் பள்ளிக்கே வரவில்லை.

அவர்களுக்குக் கைகொடுத்தது சித்திரக்கதை. சிவகாசியிலிருந்து 1972-இல் முத்து காமிக்ஸும் 1984-இல் லயன் காமிக்ஸும் வரத் தொடங்கியதை என் அண்ணன் தலைமுறையினர் இன்றும் கண் கலங்கப் பேசுவார்கள். அப்படிப்பட்ட ஓர் அண்ணன், அதாவது என் சொந்த அண்ணன், ஒரு டிரங்குப் பெட்டி நிறையப் பழைய இதழ்களைக் கொடுத்தார். எழுத்து கொஞ்சம், ஒவ்வொரு வரியும் ஒருவர் வாயிலிருந்து வருவது, புரியாத சொல்லைப் படம் சொல்லிவிடும். அதோடு, கையில் துப்பாக்கியோடு ஒருவன் குதிரையில் போகும் அட்டையைப் பார்த்து யாரும் “குழந்தைப் புத்தகமா?” என்று கேட்கமாட்டார்கள். சக ஆசிரியர் ஒருவர் கேட்டார், “இதெல்லாம் ஒரு புத்தகமா டீச்சர்?” அவரும் சின்ன வயதில் அதைத்தான் படித்திருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எழுத்துக் கூட்டிப் படித்த பையன்களில் ஒருவன் மூன்று மாதத்தில் அந்தப் பெட்டியைக் காலி செய்தான். சட்டைக்குள் செருகிக்கொண்டு போவான். அவன் கதைப் புத்தகத்துக்கு வந்தான் என்று முடித்தால் நன்றாக இருக்கும். வரவில்லை. அடுத்து அவன் எடுத்தது பம்புசெட்டு மோட்டார் பழுதுபார்ப்பதைப் பற்றிய ஒரு கையேடு. அவன் மாமா மோட்டார் காயில் கட்டுகிறவர். அதில் ‘மின்தடை’ என்பதற்கு என்னிடம் பொருள் கேட்டான். கரண்ட் போவது என்றேன். இல்லை அம்மா, இது வேறு, கம்பி மின்னோட்டத்தை எதிர்ப்பது என்று எனக்கு விளக்கினான்.

எது வாசிப்பு என்று எனக்கு இருந்த எண்ணத்தை அந்தக் கையேடு கொஞ்சம் அசைத்தது. இன்னொரு முறை பிளஸ் ஒன் மாணவிகளிடம் “யார் யார் படிக்கிறீர்கள்?” என்று கேட்டேன். ஒரு கையும் எழவில்லை. பிறகு பேச்சுவாக்கில் தெரிந்தது, அவர்களில் ஆறேழு பேர் அம்மாவின் போனில் ஒரு செயலியில் தொடர்கதை படிக்கிறார்கள், சிலர் நூறு அத்தியாயம் தாண்டியவர்கள். அது படிப்பில் சேராது என்று அவர்களே முடிவு செய்திருந்தார்கள். அந்தத் தொடர்கதைகளில் இரண்டை நான் வாங்கிப் படித்துப் பார்த்தேன். மொழி எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஓர் அத்தியாயத்தை எங்கே நிறுத்த வேண்டும் என்ற வித்தை, வெள்ளிக்கிழமை மணியோடு மல்லுக்கட்டும் என்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அந்தப் பெண்களுக்கு நாவல்களைக் கொடுப்பது எளிதாக இருந்தது. நீளத்துக்கு அவர்கள் ஏற்கெனவே பழகியவர்கள். முந்நூறு பக்கத்தைப் பார்த்து மிரளாத கூட்டம் பள்ளியில் அது ஒன்றுதான்.

வீடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் மொழியிலேயே இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ‘படி’ என்றால் தேர்வுக்குப் படி என்றுதான் வீட்டில் பொருள். கதைப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்து “போய்ப் படி” என்று சொல்லும் அம்மாவுக்கு அதில் முரண் எதுவும் தெரியாது. சரி, ‘வாசிப்பு’ என்று சொல்லிப் பார்க்கலாம் என்றால், எங்கள் பக்கம் நாயனக்காரர்கள் நிறைந்த ஊர். “உங்கள் பேரன் நன்றாக வாசிக்கிறான்” என்று ஒரு பாட்டியிடம் சொல்லப்போய், “எங்கள் வீட்டில் யாருக்கும் அந்தப் பழக்கம் கிடையாதே, யாரிடம் கற்றுக்கொண்டான்?” என்று அவர் திகைத்துப்போனார்.

ஒரு மாணவியின் அப்பா பள்ளிக்கே வந்துவிட்டார். புவியியல் புத்தகத்துக்குள் நாவலை வைத்துப் படித்ததைக் கையும் களவுமாகப் பிடித்திருந்தார். “பத்தாவது படிக்கிற பெண் டீச்சர்.” அவரிடம் வாசிப்பின் பெருமை பேசிப் பலனில்லை என்று அதற்குள் கற்றிருந்தேன். அவருடைய கவலை நியாயமானது, மதிப்பெண் குறைந்தால் அவருக்குப் பணம் கட்டிக் கல்லூரியில் இடம் வாங்க வழியில்லை. “ராத்திரி ஒன்பதரைக்கு மேல் அரை மணி நேரம் மட்டும், அதுவும் உங்கள் கண்முன் படிக்கட்டும்” என்று ஒரு உடன்படிக்கைக்கு வந்தோம். ஒளித்துப் படிப்பதில் இருந்த ருசி போய்விடுமே என்று எனக்கு உள்ளூர ஒரு பயம். போகவில்லை. ஆனால் அவர் அந்த அரை மணி நேரம் டிவியை நிறுத்த வேண்டியதாயிற்று. அதுதான் அவருக்குப் பெரிய தியாகம்.

பள்ளியில் நூலகத்துக்கென்று கால அட்டவணையில் வாரம் ஒரு பாடவேளை இருக்கும். அது கணக்கு ஆசிரியருக்குச் சொந்தம் என்பது எழுதப்படாத சட்டம். ஆறு முதல் ஒன்பது வரை சண்டை போட்டு மீட்டேன். பத்தாம் வகுப்பிலும் பிளஸ் டூவிலும் தோற்றேன், கடைசிவரை. அந்த இரண்டு வகுப்புகளுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய இருபது நிமிடம்தான் கிடைத்தது. கை கழுவி ஈரத்தோடு வந்து புத்தகத்தைத் தொடுவார்கள். பழகிவிட்டது எனக்கு.

ஊரில் ஒரு கிளை நூலகம் இருக்கிறது. என் மாணவர்களில் பலருக்கு அது பெரியவர்கள் நாளிதழ் படிக்கும் இடம் என்ற அளவில்தான் தெரியும், பெண் பிள்ளைகள் உள்ளே போனதேயில்லை. பெற்றோர் கூட்டத்தில் ஒரு சின்னக் கணக்கு சொன்னேன். சென்னை மாகாணத்தில் 1948-இல் பொது நூலகச் சட்டம் வந்தது. அதன்படி நாம் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்திருக்கிறது, நூறு ரூபாய் வரிக்குப் பத்து ரூபாய். ரசீதை எடுத்துப் பாருங்கள் என்றேன். “கட்டிய பணத்துக்கு உங்கள் பிள்ளை இன்னும் ஒரு புத்தகம்கூட எடுக்கவில்லை.” வாசிப்பினால் அறிவு வளரும் என்று நான் பத்து முறை சொன்னபோது அசையாதவர்கள் இதற்கு அசைந்தார்கள். வரிசையாக அழைத்துப்போய் உறுப்பினராக்கினோம். தனித்தனியாகப் போகச் சொன்னால் போகமாட்டார்கள், முதல் மூன்று முறையாவது கூட்டமாகப் போக வேண்டும். நான்காம் முறை நூலகருக்கு அவர்கள் முகம் தெரிந்திருக்கும். அவர் “நீ கேட்டது வந்திருக்கிறது” என்று சொன்ன நாளிலிருந்து என் வேலை அங்கே முடிந்தது.

மாவட்டப் புத்தகத் திருவிழாவுக்கும் அழைத்துப்போனேன். முதல் ஆண்டு பள்ளிக்கென்று நான் வாங்கினேன், அவர்கள் பின்னால் நடந்தார்கள். கால் வலியோடு திரும்பினார்கள். மறு ஆண்டு முன்னாள் மாணவர்கள் சிலரிடம் கேட்டு, போகிற ஒவ்வொருவர் கையிலும் நூறு ரூபாய் கொடுத்தேன். நிபந்தனை ஒன்றுதான்: புத்தகம் வாங்க வேண்டும், என்ன புத்தகம் என்று நான் பார்க்கமாட்டேன். பத்து சதவீதக் கழிவு உண்டு என்று தெரிந்ததும் அவர்கள் பேரம் பேசிய வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இரண்டு பேர் பணத்தைச் சேர்த்து ஒரு பெரிய புத்தகம் வாங்கிவிட்டு, யார் முதலில் படிப்பது என்று பஸ் முழுக்கச் சண்டை. ஒருவன் கோலப் புத்தகம் வாங்கினான், அக்காவுக்காம். ஒருத்தி ஆங்கிலம் பேசக் கற்றுத்தரும் புத்தகம் வாங்கி, அதை யாரும் பார்க்காமல் துப்பட்டாவால் மூடி வைத்திருந்தாள். பார்க்கமாட்டேன் என்று சொன்னேனே தவிர, எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன்.

தொலைவதைப் பற்றி நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பொறுப்பாசிரியர்கள் எல்லாரும் கேட்பது அதைத்தான். தொலைகிறது. முதல் முழு ஆண்டில் 23 திரும்பவில்லை. அவற்றில் சில பிறகு வந்தன, சில வீட்டோடு கலந்துவிட்டன. கிழிவது தனிக்கணக்கு. தலைமையாசிரியர் நல்லவர், ஆனால் தணிக்கை என்றால் அவருக்கும் வயிற்றைப் பிசையும். நன்கொடையாக வரும் புத்தகங்களைத் தனிப் பதிவேட்டில் ஏற்றி, அவற்றையே பெரும்பாலும் வெளியே விடுவது என்று ஒரு வழி கண்டோம். அரசு இருப்பில் உள்ளது தொலைந்தால் அதே புத்தகத்தையோ அதே விலையில் வேறொன்றையோ வாங்கி வைத்தோம், சில என் பணத்தில். ஒரு வருடத்துக்கு ஆன செலவு, ஒரு நல்ல புடவை விலை. புத்தகத்தைத் தொலைத்தவனிடம் அபராதம் கேட்பதேயில்லை. கேட்டால் அவன் அபராதத்துக்குப் பயந்து நூலக அறைப் பக்கமே வரமாட்டான், புத்தகத்தோடு ஆளும் தொலைந்துபோவான்.

நூலகத் துறைக்காரர்கள் தலைமேல் வைத்துப் போற்றும் எஸ். ஆர். ரங்கநாதன் சீர்காழிக்காரர். அவர் வகுத்த ஐந்து விதிகள் 1931-இல் புத்தகமாக வந்தன. முதல் விதி, புத்தகம் பயன்படுத்துவதற்கே என்பது. அதே 1931-இல் எங்கள் மன்னார்குடிப் பக்கத்து மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார், தொடங்கி வைக்க ரங்கநாதனே வந்திருந்தார். இதை நான் தெரிந்துகொண்டது, பூட்டிய அலமாரிக்குள் எட்டு வருடமாக இருந்த ஒரு புத்தகத்திலிருந்து. அது நனையாத கீழ்த்தட்டில் இருந்தது. வண்டி போன அந்தச் சாலையில்தான் நான் தினமும் பஸ்ஸில் வந்தேன், கைப்பையில் சாவியோடு.

2024-இல் மாறுதல் கலந்தாய்வில் எனக்குச் சொந்த ஊர்ப் பக்கம் இடம் கிடைத்தது. பொறுப்பை ஏற்க வந்தவர் இளவயது ஆசிரியை, பணியில் சேர்ந்து இரண்டாம் ஆண்டு. மதியம் தொடங்கி இருவரும் எண்ணிக்கொண்டிருந்தோம். அரசு இருப்பு, நன்கொடை, வெளியே இருப்பவை, அட்டைக்குள் செருகிய காகிதங்களின்படி வெளியே இருப்பவை என்று நான்கு கணக்கு. அவருக்கு முகம் வெளிறிக்கொண்டே வந்தது. “சாவி எங்கே அக்கா?” என்றார். எந்தச் சாவி என்று எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை.

வாசலில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தான். என்னடா என்றேன். “அம்மா, எண்ணி முடித்துவிட்டீர்களா? அந்த ரெண்டாம் பாகம் வேண்டும்.” புதிய ஆசிரியை என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். சற்று நேரம் கழித்து அவர், எண்ணி அடுக்கி வைத்திருந்த கட்டிலிருந்து அதை உருவி அவனிடம் நீட்டி, “நாளைக்கே வந்துவிட வேண்டும்” என்றார். அவன் தலையை ஆட்டிவிட்டு ஓடினான். நாங்கள் மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினோம்.